நம்மட வேலையச் செஞ்சிட்டு முடிவ விடுறது எப்பிடி: ஒரு முழு வழிகாட்டி

"நடக்கிறது நடக்கும், நீ சும்மா இரி" எண்டு சொல்லுற ஆக்களுக்கு நம்மட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் குறைவே இல்ல. ஏஎல் எண்ட உயர்தரப் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கும் அதத்தான் சொல்லுவாங்க, கதிர் முத்தி வெட்டு மெஷின் வரும் வரும் எண்டு பாத்திட்டு இருக்கிற நேரம் வானம் இருட்டிட்டு வந்தா வயல்காரருக்கும் அதத்தான் சொல்லுவாங்க, கட்டார் விசாவுக்கு மாசக்கணக்கா நிக்கிற தம்பிக்கும் அதே வசனந்தான். அதக் கேட்டு மனசு ஆறின ஒரு ஆள நான் இன்னும் காணல்ல. ஏனெண்டா என்னத்த விடணும், எத விடக்கூடாது, எப்ப விடணும், விட்டதுக்குப் புறகு அந்த நாளெல்லாம் என்னத்தச் செய்யிற எண்டு ஆரும் சொல்லித் தாறதில்ல. அத ஒண்டொண்டா இதுல எழுதிறன், நீளமாத்தான் இருக்கும், ஆறுதலா வாசிங்க.

தொடங்க முதல் ஒரு விஷயம்

முடிவ விடுறது வேற, அக்கறைய விடுறது வேற. கீதையில ரெண்டாம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்த எல்லாரும் பாதியோட நிப்பாட்டிருவாங்க, கடமையச் செய், பலன்ல உரிமை கொண்டாடாத எண்டு. அதே சுலோகத்துட கடைசியில இன்னொண்டும் இருக்கு, வேலை செய்யாம இருக்கிறதுலயும் பற்று வைக்காத எண்டு. அந்தக் கடைசிப் பகுதிய விட்டுட்டா முழு விஷயமும் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாட்டாப் போயிரும். காத்தான்குடியிலயோ சம்மாந்துறையிலயோ ஒரு பெரியவரிட்டக் கேட்டா தவக்குல், அதாவது அல்லாஹ்வில பொறுப்புச் சாட்டுறது, எண்டு சொல்லுவார், கூடவே ஒட்டகக் கதையும் வரும். ஒட்டகத்தக் கட்டாம விட்டுட்டு அல்லாஹ்ட பொறுப்பில இருக்கவா எண்டு கேட்டவருக்கு, முதல்ல கட்டு, புறகு பொறுப்புக் குடு எண்டுதான் நபிகளார் சொன்னது. கோயில் பக்கமும் பள்ளிவாசல் பக்கமும் ஒழுங்கு ஒண்டுதான், வேலை முதல்ல, விடுறது ரெண்டாவது. நீங்க இன்னும் வேலையே செய்யாம இருந்தா இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது, போய் அந்த வேலையத் தொடங்குங்க.

1. உங்களப் பிடிச்சு வச்சிருக்கிற முடிவ ஒரு வசனமா எழுதுங்க

"ஒரே டென்ஷனா இருக்கு" எண்டதோட நிண்டா அத வச்சு ஒண்டும் செய்ய ஏலாது. ஒரு கொப்பிய எடுத்து, ஃபோன்ல வேணாம் கொப்பியிலதான், ஒரு வசனம் எழுதுங்க. "மகன் இந்த முறை கெம்பஸ் (பல்கலைக்கழகம்) எடுபடணும்." "அந்தக் காணிப் பிரச்சினை எங்கட பக்கம் முடியணும்." அதுக்குக் கீழ, இது நடந்தா எனக்கு என்ன வரும் எண்டு எழுதுங்க. அதுக்கும் கீழ, நடக்காட்டி நான் எதுக்குப் பயப்பிடுறன் எண்டு எழுதுங்க. மூண்டாவதா வாற பதில்தான் சரக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இப்பிடி எழுதினவ. முதல் வசனம் மகன் கெம்பஸ் போகணும். ரெண்டாவது, அவன்ட வாழ்க்கை நல்லா இருக்கும். மூண்டாவது எழுதக் கொஞ்ச நேரம் பேனையப் பிடிச்சுட்டே இருந்தா, புறகு எழுதினது "மச்சாள் வீட்ட முகம் குடுக்க ஏலாது". எழுதிட்டு அவவே அதத் திரும்பத் திரும்பப் பாத்தா. ராவு ராவா நித்திரை இல்லாம இருந்ததுல பாதி மகனுக்காக இல்ல எண்டு அந்த இடத்துல அவவுக்கு விளங்கிட்டு. அதுக்குப் புறகு மகன்ட படிப்பப் பத்தின கவலை தனியா, சொந்தக்காரர்ட வாயப் பத்தின கவலை தனியாப் பிரிஞ்சு நிண்டது, ரெண்டாவத அவ கெதியா விட்டுட்டா.

2. மூண்டு பங்காப் பிரிங்க

இந்தப் படியில அவசரப்படாதீங்க, மத்தப் படியெல்லாம் இதுலதான் நிக்கிது. பேப்பர்ல மூண்டு பத்தி போடுங்க: என்ட கையில இருக்கிறது, பாதிக் கையில இருக்கிறது, கையிலயே இல்லாதது.

படுவான்கரையில ஒருத்தர் பெரும்போகம் செய்யிறார் எண்டு வைப்பம். அவர்ட கையில இருக்கிறது நல்ல விதை நெல்லு தேர்றது, போகம் தொடங்க முதல் வயல்காரர் கூடுற ஆரம்பக் கூட்டத்துல தீர்மானிச்ச திகதிக்குள்ள விதைச்சு முடிக்கிறது, வரம்ப ஒழுங்காக் கட்டுறது, பசளைய நேரத்துக்குப் போடுறது, வட்டைக்குள்ள இறங்கிப் பயிர விலக்கி அடித்தண்டுல அறக்கொட்டிப் பூச்சி இருக்கா எண்டு குனிஞ்சு பாக்கிறது. பாதிக் கையில இருக்கிறது வாய்க்கால் தண்ணி, தண்ணி பங்கிடுற வட்டவிதானையோட கதைக்கலாம், பக்கத்து வயல்காரரோட சண்டை பிடிக்காம இருக்கலாம், ஆனா குளத்துல எவ்வளவு தண்ணி நிக்கிது எண்டது வேற விஷயம். யானையும் அப்பிடித்தான், காவல் இருக்கலாம், யானை எந்த ராவு எந்தப் பக்கத்தால வரும் எண்டு எழுதி வைக்க ஏலாது. கையிலயே இல்லாதது மழை, வெள்ளம், நெல்லு விலை, கொழும்புல எடுக்கிற முடிவு. 2021ல ரசாயனப் பசளைக்கு ஒரேயடியாத் தடை வந்திச்சு, கார்த்திகையில அந்தத் தடைய எடுத்தாங்க, அதுக்கிடையில இங்க விதைப்புக் காலமே வந்திட்டு. 2024 கார்த்திகை வெள்ளத்துல முளைச்சு வந்த பயிரெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. எவ்வளவு கெட்டிக்கார வயல்காரரா இருந்தாலும் இதத் தடுத்திருக்க ஏலாது. ஆனா அந்த வருஷங்கள்ல "நான்தான் பிழை விட்டுட்டன்" எண்டு தன்னையே திட்டித் திட்டி உடைஞ்ச ஆக்கள் இருக்காங்க, அதப் பாக்கத்தான் எனக்கு மனசு தாங்கல்ல.

இப்ப ஏஎல்ல எடுப்பம், இது கணக்கன பேருக்கு விளங்காத இடம். பிள்ளை எடுக்கிற மார்க்ஸ் பிள்ளைட கையில பெரிய அளவு இருக்கு. கெம்பஸுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் அப்பிடி இல்ல. அந்தப் பாடத்த எழுதின எல்லாரிட சராசரிய பிள்ளைட மார்க்ஸ்ல இருந்து கழிச்சு, மார்க்ஸ் எவ்வளவு விரிஞ்சு கிடக்கு எண்டு காட்டுற நியம விலகலால பிரிச்சு வாறதுதான் ஒரு பாடத்துக்கான இசட் ஸ்கோர், மூண்டு பாடத்துக்கும் அப்பிடி எடுத்து சராசரி பாக்கிற. அப்ப நாடு முழுக்க மத்தப் பிள்ளைகள் எப்பிடி எழுதினாங்க எண்டதும் உங்கட பிள்ளைட நம்பருக்குள்ள இருக்கு. அதோட முடியல்ல. பெரும்பாலான கோர்ஸுக்கு உள்ள இடங்கள்ல 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு எண்டு பிரிக்கிறாங்க, அந்தக் கடைசிப் பட்டியல்ல மட்டக்களப்பும் இருக்கு அம்பாறையும் இருக்கு. வெட்டுப்புள்ளி, அதாவது எடுபட்ட கடைசிப் பிள்ளைட இசட் ஸ்கோர், எவ்வளவு எண்டது அந்த வருஷம் ஆர் ஆர் எதுக்கு விண்ணப்பிச்சாங்க எண்டதப் பொறுத்து, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரியும். ஒரு பிள்ளை தன்ட முழுப் பலத்தோட எழுதியும் 0.01ஆல தவறலாம். இந்தக் கணக்க பரீட்சைக்கு முன்னமே வீட்டுல இருந்து கதைச்சு வச்சா, ரிசல்ட் வாற அண்டைக்கு "நீ ஒழுங்காப் படிச்சிருந்தா" எண்ட வசனம் வாயில வாறது குறையும்.

பாதிக் கை எண்ட பத்தியிலதான் நம்மட நிம்மதி கூடுதலாப் போறது. கொஞ்சம் செல்வாக்கு இருக்கிற இடத்துல முழுசும் நம்மட கையில எண்டு நினைச்சிர்றம். அதுக்கு ஒரு வழி இருக்கு. பாதிக் கையில உள்ள ஒவ்வொண்டுக்கும் நான் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் திரும்பப் பாக்கிற ஒரு திகதியையும் மட்டும் எழுதுங்க. "வட்டவிதானையோட நாளைக்குக் கதைக்கிற, திரும்ப வெள்ளிக்கிழமை." வெள்ளி வரைக்கும் அது மூடின விஷயம்.

3. முதல் பத்தியில உள்ளத வேலையா மாத்துங்க

இது சுருக்கமான படி. "நல்ல ரிசல்ட் எடுக்கணும்" எண்டதச் செய்ய ஏலாது, அது ஒரு முடிவு. "பின்னேரத் தேத்தண்ணி குடிச்சிட்டு மேசையில இருந்த உடனே பாஸ்ட் பேப்பர்ல ஒரு கட்டுரைக் கேள்வி" எண்டதச் செய்யலாம். பீட்டர் கோல்விட்சர் எண்ட உளவியலாளர் 1999ல எழுதின கட்டுரையில இதத்தான் விளக்கினார், இன்ன நேரம் இன்ன இடத்துல இது நடந்தா நான் இதச் செய்வன் எண்டு முன்கூட்டியே முடிவெடுத்தவங்க வெறும் ஆசையோட இருந்தவங்கள விடக் கூடுதலாச் செஞ்சு முடிக்கிறாங்க எண்டு. வேலைய இப்பிடிக் கட்டி வச்சா இன்னொரு நன்மையும் இருக்கு, ராத்திரி படுக்கைக்குப் போற நேரம் "இண்டைக்கு என்ட பங்கு முடிஞ்சுது" எண்டு சொல்ல ஒரு ஆதாரம் இருக்கும்.

4. வேலை முடிஞ்ச இடத்துல ஒரு கோடு போடுங்க

பரீட்சை முடிஞ்சுது, இன்டர்வியூ முடிஞ்சுது, விதைச்சு முடிஞ்சுது. அந்த நாள் கொப்பியில திகதி போட்டு "என்ட பங்கு இதோட முடிஞ்சுது" எண்டு எழுதுங்க. சின்னப்புள்ள வேலை மாதிரித் தெரியும், செஞ்சு பாருங்க. பேப்பர் எழுதிட்டு வெளியில வந்த உடனே வாட்ஸ்அப் குரூப்ல எம்சிகியூ விடை சரிபாக்கிற பழக்கம் இருக்கே, அதப் போல கொடுமை வேற இல்ல, மாத்த ஏலாத ஒண்டுக்காக அடுத்த பேப்பருக்கு இருந்த மனசும் போயிரும். பெற்றார் செய்யக்கூடிய பெரிய உதவி, கேட்டடியில நிண்டு "எப்பிடி மனே, எத்தினை சரி?" எண்டு கேக்காம "பசிக்குதா?" எண்டு கேக்கிறது.

நேத்தி வைக்கிறத, அதாவது சாமிக்கு வேண்டுதல் வைக்கிறதப் பத்தி இந்த இடத்துல சொல்லணும், ஏனெண்டா நம்மட ஆக்கள் முடிவ விடுறது எங்க எண்டு கேட்டா மாமாங்கத்திலயும் கொக்கட்டிச்சோலையிலயும் மண்டூர்லயும் திருக்கோயில்லயும் இருக்கிற கோயில்கள்லதான். நேத்தியில ரெண்டு விதம் இருக்கு. ஒருத்தர் "நீ இதத் தந்தா நான் இதச் செய்யிறன்" எண்டு சொல்லிட்டு வந்து அண்டையில இருந்து நாள் எண்ணுறார், கனவு கண்டா சகுனம் பாக்கிறார், போன தரம் தேங்காய் சரியா உடையல்லயோ எண்டு யோசிக்கிறார். இவருக்குப் பற்று குறையல்ல, கூடிட்டு, இப்ப குற்ற உணர்ச்சியும் சேந்திட்டு. இன்னொருத்தர் போய் அழுது முடிச்சு "எனக்கு ஏலுமானதச் செஞ்சிட்டன், இனி உன்ட பொறுப்பு" எண்டு சொல்லிட்டு வீட்ட வந்து சோறாக்கிறா. கோயில் ஒண்டுதான், ஆனா ரெண்டாவது ஆள்தான் அண்டைக்கு நித்திரை கொள்ளுவா. நேத்தி வைக்காதீங்க எண்டு நான் சொல்லவே மாட்டன். ஒருக்காச் சொன்னா போதும், ஒவ்வொரு நாளும் போய் நினைவுபடுத்த வேணாம் எண்டுதான் சொல்லுறன்.

5. காத்திருக்கிற காலம்

உண்மையில மனுசர உருக்கிறது இந்தக் காலந்தான். நல்லதோ கெட்டதோ வந்திட்டா தாங்கிருவம், வருமா வராதா எண்ட இடைவெளியத்தான் தாங்க ஏலாம இருக்கு.

முதல்ல செய்யக்கூடாதது ஒண்டு. "அத நினைக்கக் கூடாது" எண்டு மனசோட மல்லுக்கட்டாதீங்க. டேனியல் வெக்னர் எண்ட உளவியலாளரும் கூட இருந்தவங்களும் 1987ல ஒரு சோதனை வெளியிட்டாங்க, அதுல ஆக்கள அஞ்சு நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடியப் பத்தி நினைக்காதீங்க எண்டாங்க, நினைப்பு வந்தா ஒரு மணிய அடிக்கச் சொன்னாங்க. மணி அடிச்சுட்டே இருந்திச்சு. அதுக்குப் புறகு நினைக்கலாம் எண்டு விட்ட நேரம், முதல்ல அடக்கினவங்களுக்குத்தான் கரடி கூடுதலா வந்திச்சு. ரிசல்ட்ட நினைக்காத எண்டு பிள்ளைக்குச் சொல்லுறதும் இதேதான்.

அதுக்குப் பதிலா கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்க. தோமஸ் போர்கோவெக்கும் கூட இருந்தவங்களும் 1983ல காட்டின முறை இது, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல அரை மணித்தியாலம் கவலைப்படுறது, மத்த நேரத்துல வந்தா அந்த நேரத்துக்குத் தள்ளி விடுறது. நம்மட வீட்டுக்கு ஏத்த மாதிரிச் சொன்னா பின்னேரம் அஞ்சு மணியில இருந்து அஞ்சரை, முன் விறாந்தைக் கதிரை, கையில கொப்பி. கட்டில்ல வேணாம், கட்டில்ல கவலைப்பட்டுப் பழகினா கட்டிலக் கண்டாலே கவலை வரும். காலையில பத்து மணிக்கு வெங்காயம் உரிக்கிற நேரம் அந்த நினைப்பு வந்தா "அஞ்சு மணிக்கு வா" எண்டு சொல்லிட்டு வெங்காயத்தப் பாருங்க. துரத்தல்ல, நேரம் குடுத்திருக்கம், அதால மனசு ஏத்துக்கொள்ளும். அஞ்சு மணியானா உண்மையாவே கதிரையில இருந்து கவலைப்படணும், ஏமாத்தக் கூடாது. கன நாள் எழுத ஒண்டும் இல்லாம அரை மணித்தியாலம் நீளமாத் தெரியும்.

நெஞ்சு படபடக்கிற நேரம் யோசினையால ஆறுதல் வராது, மூச்சால வரும். நாலு எண்ணுற அளவு உள்ள இழுத்து ஆறு எண்ணுற அளவு வெளிய விடுங்க, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிய விடுற மூச்சு நீண்டா இதயத்துடிப்பு மெதுவாகும், அது உடம்புட ஒழுங்கு, நம்பினாலும் நம்பாட்டியும் வேலை செய்யும். அஞ்சு நிமிஷம் போதும்.

ஃபோனப் பத்தியும் சொல்லணும். பரீட்சைத் திணைக்கள சைட்டத் திறந்து சுட்டெண்ண அடிச்சு, சுத்திட்டே நிக்க, மூடித் திரும்பத் திறந்து, அக்காட ஃபோன்லயும் ஒருக்காப் பாத்து, ராவு ரெண்டு மணிக்கு எழும்பித் திரும்பவும். ரிசல்ட் வந்தா ஊரே எழுப்பும், நீங்க காவல் இருக்கத் தேவையில்ல. ஒரு நாளைக்கு ரெண்டு நேரம் எண்டு வச்சுக்கொள்ளுங்க, காலையில ஒருக்கா, ராச்சாப்பாட்டுக்கு முதல் ஒருக்கா. கேக்கிற ஆக்களுக்கும் ஒரு பதிலத் தயாரா வச்சிருங்க. "என்னவாம், வந்திட்டா?" எண்டு கேட்டா "வந்தா நானே சொல்லுறன் மாமி." அவ்வளவுதான், விளக்கம் வேணாம்.

இந்தக் காலத்துல செய்ய ஒரு நல்ல வேலை இருக்கு, "கிடைக்காட்டி" எண்டு தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதுறது. அபசகுனம் எண்டு பெரியாக்கள் தடுப்பாங்க, மரியாதையாக் கேட்டுட்டு எழுதுங்க. மீள்பரிசீலனைக்குப் போடுறதா, ரெண்டாந்தரம் எழுதுறதா, கெம்பஸுக்கு மூண்டு தரத்துக்குள்ள எண்ட கணக்க மறக்காதீங்க. மட்டக்களப்புலயும் சம்மாந்துறையிலயும் உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, அங்க உயர் தேசிய டிப்ளோமா செய்யலாம். ஒரு கதவு மூடினா போறதுக்கு வேற எந்தப் பாதை எண்டு முன்னமே தெரிஞ்சிருந்தா அந்த முதல் கதவுல தொங்கிட்டு நிக்கிற பிடி தானாத் தளரும்.

6. முடிவு வாற நாள்

நல்லதா வந்தா சந்தோசப்படுங்க, முழுசா. "நான் பற்றில்லாதவன்" எண்டு முகத்த இறுக்கிட்டு இருக்க வேணாம்.

கெட்டதா வந்தா முதல் நாள் பாடம் சொல்லுற நாள் இல்ல. அழ விடுங்க. மகன் ஃபோனப் பாத்திட்டு வாசல்ல வந்து நிக்கிறான்.

"அம்மா... காணாது போல இரிக்கி."

"சரி மனே. உள்ள வா. நீ ராவிருந்து படிச்சத நான் பாத்தன்தானே."

"அப்பாட்ட என்ன சொல்லுற?"

"நான் கதைக்கிறன். நீ முகத்தக் கழுவிட்டு வந்து ரெண்டு வாய் சாப்பிடு."

இவ்வளவுதான் அண்டைக்குத் தேவை. மீள்பரிசீலனையப் பத்தி, அடுத்த தரத்தப் பத்தி, அந்தக் "கிடைக்காட்டி" பக்கத்தப் பத்தி ரெண்டு மூண்டு நாள் கழிச்சுக் கதைக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைட ரிசல்ட்ட எந்த நாளுமே கதைக்கத் தேவையில்ல.

இந்த வலி எவ்வளவு காலம் இருக்கும் எண்டு நம்மட மனசு போடுற கணக்கு பெரும்பாலும் பிழை. டேனியல் கில்பர்ட்டும் திமோதி வில்சனும் வேற சிலரும் 1998ல வெளியிட்ட ஆய்வுல, வேலை நிரந்தரமாகுமா எண்டு காத்திருந்த பல்கலைக்கழக ஆசிரியர்களிட்டக் கேட்டாங்க. கிடைக்காட்டி வருஷக்கணக்கா உடைஞ்சு போயிருவம் எண்டாங்க. உண்மையாவே கிடைக்காம போன ஆக்களப் பாத்தா அவங்க நினைச்ச அளவுக்கு உடைஞ்சிருக்கல்ல. வலிக்காது எண்டு இதுக்கு அர்த்தமில்ல, வலி நாம பயந்த நீளம் இருக்கிறதில்ல. ஆருட்டயும் சொல்ல ஏலாத மாதிரி இருந்தா எழுதுங்க, ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986ல செஞ்ச மாதிரி நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம், நாலு நாள் தொடர்ந்து, எழுத்துப்பிழை பாக்காம. ஆருக்கும் காட்டத் தேவையில்ல, கிழிச்சுப் போட்டாலும் சரி.

7. சின்ன விஷயத்துல பழகுங்க

பெரிய ரிசல்ட் வாற அண்டைக்குத்தான் முதல் முதலா விட்டுப் பாக்கிறது எண்டா வராது. இந்தக் கிழமையே சின்னதா ஒண்டத் தேர்ந்தெடுங்க. ஆருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பிட்டு நீல டிக் விழுந்திட்டா எண்டு பின்னேரம் வரைக்கும் பாக்காம இருங்க. நல்ல மீன் குழம்பு வச்சுக் குடுத்திட்டு "எப்பிடி இருக்கு?" எண்டு கேக்காம இருங்க. கேக்காம இருக்கிற அந்த ரெண்டு நிமிஷம் உள்ளுக்குள்ள ஒரு அரிப்பு வரும், அதுதான் பற்று, அத அப்பிடியே இருக்க விட்டுப் பாருங்க, தானாக் குறையும்.

இந்த வழிகாட்டிய எதுக்குப் பாவிக்கக் கூடாது

உங்கட சம்பளத்தப் பிடிச்சு வச்சிருந்தா, உங்கட காணிய வேற ஆக்கள் அடைச்சா, "பற்ற விடு" எண்டு சொல்லுறவங்கள நம்பாதீங்க. அதுல உங்கட கையில இருக்கிற வேலை கன இருக்கு, எழுத்துல முறைப்பாடு, தொழில் திணைக்களம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் சட்டத்துக்குக் கீழ ஒரு விண்ணப்பம். அதையெல்லாம் செய்யிறதும், பதில் வாற வரைக்கும் நித்திரை கொள்ளுறதும் ஒண்டுக்கொண்டு எதிர் இல்ல.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையத் தேடுற அம்மாவிட்ட போய் இதுல ஒரு வரியையும் சொல்லாதீங்க. நம்மட ரெண்டு மாவட்டத்திலயும் அப்பிடியான அம்மாமார் எத்தினை பேர் இருக்காங்க எண்டு நமக்குத் தெரியும். போலின் பாஸ் எண்ட அறிஞர் 1970கள்ல இருந்து இத தெளிவில்லாத இழப்பு எண்டு பேர் வச்சு எழுதி வாறா, ஆள் இருக்கா இல்லையா எண்டே தெரியாத துயரத்துக்கு முடிவு எண்டு ஒண்ட வற்புறுத்தக் கூடாது எண்டதுதான் அவட நிலைப்பாடு. அந்த அம்மாவுக்குத் தேவை விடச் சொல்லுற ஆள் இல்ல, பக்கத்துல இருந்து பிள்ளைட பேரச் சொல்லிக் கதைக்கிற ஆள்.

கடைசியா ஒண்டு. ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்ல, சாப்பாடு இறங்கல்ல, ஒண்டுலயும் மனசு போகல்ல, வாழ்ந்து என்ன எண்ட நினைப்பு வருது எண்டா அது கொப்பியால தீர்ற விஷயம் இல்ல, டொக்டரக் காணணும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு. ராவு எந்த நேரம் எண்டாலும் 1926க்கு அடிக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழ்லயே கதைக்கலாம்.